வாழைமரம் கட்டிய வண்டி

ஏர்போர்ட்டில் வேலை பார்த்தவன் என்றால் பைலட் என்றுதான் திண்டிவனத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாசம் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர், "ஏங்க, மேல போவசொல்ல காது அடைக்குமாமே, எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். மறுத்துப் பேச வாய் வந்தது. ஆனால் வெயில் தாங்கவில்லை. "பழகிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் என் சர்வீஸ் முழுக்க நான் ஏறிய அதிகபட்ச உயரம் ஒரு ஏணி.

நான் இருந்தது ஏர்போர்ட் தீயணைப்பில். எந்த ஊர் ஏர்போர்ட் என்று எழுதப் போனேன். "பென்ஷன் குடுக்கற எடத்த எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க?" என்று என் வீட்டுக்காரி சரோஜா பேனாவைப் பிடுங்காத குறை. அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊர். சுதந்திரத்தையொட்டிக் கட்டிய பழைய ஏர்போர்ட். ஒரே ஓடுதளம். மொசைக் தரை போட்ட சின்னக் கட்டடம், அதன் தலையில் கண்ணாடிக் கூண்டாக டவர். வழியனுப்ப வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு மொட்டைமாடியில் நின்று கையாட்டலாம். அந்தக் கட்டடத்தை ஒட்டி எங்கள் ஸ்டேஷன். ரெண்டு பெரிய வண்டி நிற்கிற கொட்டகை, டவரிலிருந்து நேர் டெலிபோன் வருகிற வாட்ச் ரூம், பின்னால் வாலிபால் கோர்ட். வாலிபால் கோர்ட்டைத்தான் அதிகம் உபயோகித்தோம்.

இப்போது என்னை எழுத வைத்தவர்கள் அங்கே இன்றைக்கு வேலை பார்க்கிற பையன்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கலாம், பூ வைக்கலாம், வாழைமரம் மட்டும் கட்டவே கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டாம். ஒரு பையன் போன் பண்ணி, "சார், இந்த ரூல் உங்களாலதான் வந்துச்சாமே?" என்றான். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிற கதையையும் அனுப்பினான். அதில் நான் வாழைமரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுதளத்தில் ஓடி, விமானத்துக்கு வழி காட்டிக் காப்பாற்றுகிறேன். படித்துவிட்டு சரோஜா, "நீங்க? ஓடி?" என்று மட்டும் கேட்டாள். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கிளியனூர்ப் பக்கம். மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கேப்பையும் போட்ட குடும்பம். உயரமும் மார்பளவும் சரியாக இருந்ததால் வேலை கிடைத்தது. பயிற்சியில் எரிகிற டயருக்குள் ஓடவிட்டார்கள், ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறவிட்டார்கள், அத்தனையும் கற்றுக்கொண்டேன். பிறகு ஸ்டேஷனுக்கு வந்தால் தீ என்று ஒன்று வரவே இல்லை. தினம் வண்டியைத் துடைப்போம், பம்ப்பை ஓட்டிப் பார்ப்போம், ப்ளேன் இறங்கும்போது ஏறி உட்காருவோம், அது ஒழுங்காக இறங்கியதும் நாங்களும் இறங்குவோம். லீவில் ஊருக்கு வந்தால் என் மச்சான், சரோஜாவின் அண்ணன், விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர், விடமாட்டார். "என்னா மாப்ள, இந்த வருசமாவது பீடி பத்த வைக்க நெருப்பு கெடச்சிச்சா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார். ஒரே ஒரு நிஜமான அழைப்பு வந்துவிட்டால் போதும் இவர் வாயை அடைத்துவிடலாம் என்று வயிறெரிவேன். ப்ளேனுக்கு ஆபத்து வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற தீயணைப்புக்காரனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது.

எங்கள் ஆபீசர் பெயர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சட்டையில் மடிப்புக் கலையாது, குரல் உயராது. திட்டவே மாட்டார், அதுதான் பேஜார். நாம் தப்பாக ஒன்றைச் செய்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மறுபடி" என்பார். சரியாக வரும்வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான். வேலையில் சேர்ந்த அன்றைக்கு ஓடுதளத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், எங்க ஊரு மல்லாட்டை மொத்தத்தையும் இதுல காயப் போட்ரலாம் சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். "இதில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டு, என்னை நடத்தியே அந்த முனை வரைக்கும் கூட்டிப்போய்க் கல் பொறுக்க வைத்தார். அவரும் கூடவே குனிந்து பொறுக்கினார்.

அவருக்கு உயிர் ரேடியோ. வண்டிக்கும் டவருக்கும் நடக்கிற பேச்சு பிசகக் கூடாது. யார் யாரைக் கூப்பிடுகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஓவர். விபத்துச் செய்தி என்றால் வரிசை மாறக் கூடாது: என்ன விமானம், என்ன கோளாறு, எந்த ஓடுதளம், எத்தனை உயிர், எவ்வளவு எரிபொருள். "எத்தனை பேரு" என்று நான் சொன்னால், "பேர் இல்லை, உயிர். மறுபடி."

எனக்கோ ரேடியோவைக் கையில் எடுத்ததும் கிளியனூர் வந்துவிடும். "டவர், வண்டி போய்க்கினு கீதுங்க" என்பேன். அந்த ஊர்க்காரப் பையன்கள் அதைக் கேட்பதற்கென்றே சுற்றி நிற்பார்கள். ஓடுதளத்துக்கு இரண்டு முனை. டவர் கணக்கில் ஒன்று ஒன் ஒன், இன்னொன்று டூ நைன். எங்களுக்குள் ஏரி முனை, சுடுகாட்டு முனை. வேலிக்கு அந்தாண்ட ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சுடுகாடு, இதில் மறக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பெயர்களை ரேடியோவில் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் வாலிபால் கிடையாது, பயிற்சிதான். எண்கள் எனக்கு நிற்கவே இல்லை. ஏரியை மனசுக்குள் நினைத்து, பிறகு ஒன் ஒன் என்று மொழிபெயர்த்துத்தான் பேசுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முந்தைய வருஷங்களில் பொட்டும் மாலையும்தான். இந்த முறை வாழைமரம், குழாய் ஸ்பீக்கர் வைத்த மைக் செட்டு, பெரிய பூசணி என்று அமர்க்களமாகச் செய்ய ஆசை. அனுமதி கேட்க ஆபீசர் ரூமுக்குப் போனேன். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் பூஜைக்கு எப்போதும் ஓரமாக நிற்பார், சுண்டலை மட்டும் விரும்பி வாங்கிக்கொள்வார்.

"சாமி காரியத்துக்குக் குறுக்கே நான் நிக்கமாட்டேன், ஏழுமலை" என்றார். "வண்டிக்குக் குறுக்கே எதுவும் நிக்கக் கூடாது. மணி அடிச்சா நிக்கிற கோலத்திலேயே வண்டி கிளம்பணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, நல்ல உயரம். முதல் வண்டியில் நிறுத்திக் கட்ட வாகான இடம் தேடினேன். ரேடியோவின் ஏரியல் கம்பி எனக்காகவே நட்டு வைத்த மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. அதோடு சேர்த்து ஒரு மரத்தை இறுக்கிக் கட்டிவிட்டேன். இன்னொன்றை அதே வண்டியின் பின்பக்கம் தாழ்வாகக் கட்டினேன். வண்டி ஓட்டுகிற கோதண்டம் அண்ணன் வானூர்க்காரர், அந்த ஊரில் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே மனுஷர். "மரம் ஷட்டர்ல இடிக்கப் போவுதுடா" என்றார். "அதுங்காட்டியும் அவுத்துருவோம்ணே" என்றேன். இரண்டாவது வண்டிக்கு மரம் கட்டவில்லை. அதன் ரேடியோ ரிப்பேருக்குப் போய் மாசக்கணக்காகத் திரும்பவில்லை. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

பூஜை நடந்தது. மைக் செட்டுக்காரர் குழாய்களைக் கொட்டகைக் கூரையில் கட்டி, ஒன்றை ஓடுதளத்துப் பக்கமும் ஒன்றை மொட்டைமாடிப் பக்கமும் திருப்பி, பக்திப் பாட்டைப் போட்டுவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போய்விட்டார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்குள் குங்குமம் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, என் பலம் அத்தனையும் சேர்த்துப் போட்டு உடைத்தேன். நாலாபக்கமும் சிதறியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலுக்குள்ளேயே மணி அடித்தது.

வாட்ச் ரூமில் டெலிபோன் டியூட்டியில் இருந்த மாணிக்கம் கத்தினான். ஃபுல் எமர்ஜென்சி. வந்துகொண்டிருக்கிற விமானத்தின் மூக்குச் சக்கரம் ஒழுங்காக இறங்கவில்லை, ரன்வே ஒன் ஒன்.

எத்தனை வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த அழைப்பு! என் இடம் முதல் வண்டியின் மேலே, நுரை பீய்ச்சுகிற பீரங்கியில். மச்சான் முகம் ஒருகணம் கண்ணில் வந்துபோனது. பாய்ந்தேன். இரண்டாவது எட்டு நானே உடைத்த பூசணி மேல் விழுந்தது. கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழப் பார்த்தால் கணுக்கால் எழவில்லை.

ஆபீசர் முதல் வண்டியின் முன் சீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்தார். "ஏழுமலை, வாட்ச் ரூம். மாணிக்கம், மேலே ஏறு." அவ்வளவுதான். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி கிளம்பியது. கோதண்டம் அண்ணன் சொன்ன மாதிரியே மரத்தின் தலை ஷட்டர் பெட்டியில் மாட்டி, படாரென்று முறிந்து, குலையும் இலையுமாக என் பக்கத்தில் வந்து விழுந்தது. இன்னொரு மரமும் மாலைகளும் ஆடஆட இரண்டு வண்டிகளும் ஏரி முனைக்குப் பறந்தன. நான் தவழ்ந்து எழுந்திருக்கும்போது பார்த்தேன், இலைகளுக்கு நடுவில் ஏரியல் கம்பி கிடந்தது.

நொண்டிக்கொண்டு வாட்ச் ரூமுக்குள் போவதற்கும் டெலிபோன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. டவரில் இருந்தவர் கத்தினார். "என்னய்யா, ஃபயர் ஒன் பதிலே சொல்லலை! காத்து திரும்பிடுச்சு. பைலட் டூ நைன்ல இறங்கறான். வண்டியை மாத்தச் சொல்லு!"

விமானம் எந்த முனையில் தரையைத் தொடுகிறதோ அங்கே வண்டி நிற்க வேண்டும், தொட்டதும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போக வேண்டும். அதுதான் எங்கள் முறை. எதிர் முனையில் நின்றால் மொத்த ஓடுதளமும் நடுவில் கிடக்கும், விமானமும் நம்மை நோக்கியே வரும். தீப்பிடித்த விமானத்துக்குள் இருக்கிற உயிர்கள் அவ்வளவு நேரம் தாங்காது. டவரில் விளக்குக் காட்டிப் பார்த்தார்கள். அடிக்கிற வெயிலில் வண்டியில் இருந்த அத்தனை பேரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ இல்லாத எங்கள் ஒரே ஜீப்பும் அவர்களோடு போய்விட்டது. என் காலோ ஓடுகிற நிலையில் இல்லை. கூரை மேல் குழாய் மட்டும் விநாயகரைப் பாடிக்கொண்டிருந்தது.

குழாய்!

மைக் செட்டின் பெட்டி வாட்ச் ரூம் மூலையிலேயே இருந்தது. பாட்டை நிறுத்தி மைக்கைப் பிடுங்கினேன். எத்தனை வருஷப் பயிற்சி, எத்தனை "மறுபடி". அத்தனையும் தாண்டி என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தைகள்: "அலோ, அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்துதான் கத்தினேன். "கோதண்டம்ணே! ஏரி மொனையில நிக்காத! ப்ளேனு சுடுகாட்டு மொனையில எறங்குது! உன் ரேடியோ செத்துப்போச்சு, ஏரியல் இங்க உழுந்து கெடக்குது! ஜல்தியா வண்டியத் திருப்புணே! உள்ள நெறைய உயிரு கீதுணே!"

மொட்டைமாடிப் பக்கம் திரும்பிய குழாயை மறந்துவிட்டேன். ப்ளேனில் வருகிறவர்களுக்காக மாலையோடு நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மாடியில் ஒரே கூக்குரல். ஒரு அம்மா, "ஐயோ எம்புள்ள" என்று கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பொதுமக்கள் காதில் விபத்துச் செய்தி விழவே கூடாது என்பது முதல் விதி. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் வேலை போவது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. தூரத்தில் செவ்வந்தி மாலை போட்ட வண்டி அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசையவில்லை. மறுபடி அதையே கத்தினேன். தொண்டை கிழிந்தது. வண்டி திரும்பியது.

ஓடுதளத்தின் ஓரமாக, ஒற்றை வாழைமரம் கொடி மாதிரி ஆட, இரண்டு வண்டிகளும் சுடுகாட்டு முனைக்கு வந்து சேர்ந்து மூக்கைத் திருப்பி நின்றன. தலைக்கு மேலே விமானம் இறங்கியது. பின்சக்கரங்கள் தொட்டன. பைலட் மூக்கைத் தூக்கியே பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓட்டினார். அப்புறம் அது மெல்லக் குனிந்து தரையில் உரசியது. தீப்பொறி பறந்தது. பொறி புகையாக மாறுவதற்குள் பின்னாலேயே போன வண்டியிலிருந்து நுரை பாய்ந்து, எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கதவுகள் திறந்து ஆட்கள் சறுக்கி இறங்குவது தெரிந்தது. யாருக்கும் உயிருக்கு மோசமில்லை என்று டவர் சொன்னதும் நான் டெலிபோனைக் கீழே வைக்காமல் ஓவென்று அழுதேன்.

கிட்டே நடந்ததைக் கோதண்டம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சறுக்கி இறங்கிய ஒரு வயசான அம்மா வண்டியில் வாழைமரத்தைப் பார்த்துவிட்டு, "எங்களுக்காகவா இவ்வளவு ஜோடனை?" என்று ஆபீசரைக் கேட்டார்களாம். தலையிலிருந்து கால் வரை நுரையாக நின்ற அந்த மனுஷர், "ஆமாம்மா, பாத்து வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாராம். எல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் கேட்டார்: "நீ சொன்னது கரெக்டா புரிஞ்சிச்சுடா. அந்த மைக் டெஸ்டிங் எதுக்குடா?"

கட்டுப்போட்ட காலோடு ஊருக்கு வந்தேன். தீயில் விழுந்து எழுந்தேன் என்று மச்சானிடம் ஒரு பொய் சொல்லலாம் என்றுதான் ரயிலில் ஒத்திகை பார்த்தேன். எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. விழுப்புரம் பிளாட்பாரத்திலேயே மச்சான் கையில் ஒரு பூசணிக்காயோடு நின்றார்.

பிறகு விசாரணை வந்தது. வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், உள்ளே பேசியது அத்தனையும் கேட்டது.

"ரேடியோ இல்லாமல் செய்தி எப்படிப் போனது?"

"ஒலிபெருக்கி மூலம், சார்" என்றார் தேவசகாயம் சார்.

"தீயணைப்பு நிலையத்தில் ஒலிபெருக்கி ஏது?"

"வருஷத்தில் ஒருநாள் இருக்கும், சார்."

அந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஏரியலில் மரத்தைக் கட்டியது யார் என்று கேட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று கைப்பிடியைத் தொட்டேன்.

"ஸ்டேஷன் என்னுடையது, சார். அனுமதி கொடுத்தது நான். கட்டியபிறகு சுற்றிவந்து பார்க்காமல் விட்டதும் நான். அதற்கு மேல் ஒரு பெயர் தேவையில்லை."

நான் உள்ளே போய் நான்தான் என்று சொன்னேன். "வெளியே நில்" என்றார் ஆபீசர், திரும்பிக்கூடப் பார்க்காமல். என் பெயர் எங்கேயும் ஏறவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. அவரை ஒரு மூலை ஊருக்கு மாற்றினார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டு வாட்ச் ரூமுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்கு நீ பேசினது முழுசும் தப்பு, ஏழுமலை. யார் யாரைக் கூப்பிடறாங்கன்னு இல்லை. ஓடுதளத்து எண் இல்லை. நிறைய உயிர்னா எத்தனை? ஓவர் சொல்லலை."

"ஆமாங்க சார்."

"மறுபடி."

மைக்கும் இல்லை, ரேடியோவும் இல்லை. வெறும் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். என்ன விமானம், என்ன கோளாறு, ரன்வே டூ நைன், எத்தனை உயிர், எவ்வளவு எரிபொருள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிசகு இல்லாமல் வந்தது. கடைசியில் ஓவரும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"இதுதான் சரி" என்றார். வாசல்படி வரைக்கும் போய்த் திரும்பினார். "ஆனா அன்னைக்கு எங்களுக்குக் கேட்டது அந்தத் தப்புதாம்ப்பா."